மோப்ப நாயும் மனைவாழ்க்கையும்

மக்களொடு உடனுறையும் விலங்குகளுள் நாயினும் தொன்மையுடையது பிறிதில்லை. ஆவும் ஆடும் தொழுவத்தில் நிற்பன. பூனை தன் விருப்பம்போல் வந்து போவது. நாய் ஒன்றே மனிதனது அடிச்சுவட்டைத் தன் வழியாகக் கொண்டு வாயிலிற் காத்துக் கிடப்பது. இவ்வாறு நாயின் பெருமை கூறுவார் பலர். அவர் கூற்றுப் பொதுவகையான் உண்மையே. ஆயின் நாய்களுள் ஒரு சாரன உள. அவை மனிதனது அடிச்சுவட்டினும் முயலின் அடிச்சுவட்டையே பெரிதாக மதிப்பன. தலைவன் பெயர் சொல்லி அழைக்குங்கால் செவி சாய்க்காமல், முந்தின இரவு அவ்வழிச் சென்ற பெருச்சாளி ஒன்றன் செய்தியைப் புல்லின் நுனியிற் படித்துக்கொண்டு நிற்பன. அவையே மோப்ப வேட்டை நாய்கள்.

இத்தகைய நாயை மனையில் வைத்து வளர்த்தல் தகுமோ என்பதும், தகுமாயின் வளர்ப்போர் கடப்பாடு யாதென்பதும் ஈண்டு யாம் ஆராயப் புகுந்தவை. மோப்ப நாய்களுள்ளும் இனங்கள் பல. தொங்கிய தோலும் துயர் தோய்ந்த முகமுமுடைய பிளட்ஹவுண்டு, குறுங்காலையுடைய பாசெட்டு, குதிரை வீரரொடு ஓடும் பாக்ஸ்ஹவுண்டு என்பன அவற்றுட் சில. எல்லாவற்றையும் பேசப் புகின் கட்டுரை விரியும். ஆகலின் பீகிள் என்னும் சிற்றினம் ஒன்றையே சான்றாகக் கொள்வாம். அஃது இங்கிலாந்திற் பிறந்ததேனும் இன்று சென்னை, கோவை, மதுரை முதலிய நகரங்களின் அடுக்குமாடி வீடுகளிலும் வளர்க்கப்படுகின்றது. எம் இல்லத்திலும் ஜிம்மி என்னும் பெயரால் ஒன்று உளது.

பீகிளை வளர்ப்போர் பலர் வாயிலும் பயிலும் குறை ஒன்று உண்டு. 'இந்நாய் சொற் கேளாது' என்பதே அது. 'அல்சேஷன் ஒரு சொல்லில் அமர்கின்றதே, லாப்ரடார் எறிந்த பந்தை எடுத்து வருகின்றதே, இதற்கு மட்டும் என்ன கேடு?' எனத் தலையில் அடித்துக்கொள்வாரையும் யாம் கண்டதுண்டு. இக்குறையை யாம் ஏற்கிலேம். பீகிளிடத்து உள்ளது கீழ்ப்படியாமை அன்று. அதனைக் கீழ்ப்படியாமை என்பது, ஏர் பூட்டும் எருதைப் பார்த்துப் பால் சுரக்கவில்லையே என நோவதனை ஒக்கும். ஏன் என்பதைச் சிறிது விரிப்பாம்.

தமிழிலே வேட்டைக்குரிய நாய் யாதாயினும் வேட்டைநாய் என்னும் ஒரு பெயராற் குறிப்பதே வழக்கு. ஆங்கிலேயரோ கண்ணாற் கண்டு துரத்துவன ஒரு வகை, மூக்கால் மோந்து தொடர்வன மற்றொரு வகை எனப் பகுத்துத் தனித்தனிப் பெயரிட்டனர். நம் தென்பாண்டி நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் முதல் வகையைச் சார்ந்தன. ஒடுங்கிய முகமும் நீண்ட கால்களும் வில்லென வளைந்த முதுகும் உடைய அந்நாய்கள், கரிசற்காட்டின் வெட்டவெளியில் முயல் எழுந்தோடக் கண்டவுடன் காற்றெனப் பாய்வன. முயல் கண்ணுக்கு மறைந்ததாயின் அவற்றின் வேலை பெரும்பாலும் முடிந்தது. பீகிள் அவ்வாறன்று, முயல் மறைந்த பின்னரே அதன் வேலை தொடங்குகின்றது. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொணர்ந்த பாக்ஸ்ஹவுண்டுகளும் இவ்விரண்டாம் வகையினவே. உதகைக்கு அணித்தாகிய வென்லாக் புல்வெளிகளில் அவை குள்ளநரியை மோப்பத்தால் தொடர, அதிகாரிகள் குதிரைமேற் பின்சென்றனர். ஆதலின் இவ்வகை நாய் தமிழ்நாட்டுக்கு முற்றும் புதிதன்று. நம் மனைக்குட் புகுந்தமைதான் புதிது.

பீகிளோ குதிரையேறாதார்க்கு உரிய நாய். இங்கிலாந்தின் உழவரும் சிறு நிலக்கிழாரும் கால்நடையாகவே சென்று முயல் வேட்டையாடுதற்பொருட்டு, மிக விரைந்தோடி மறைந்துவிடாத குறுநாயைத் தேர்ந்து வளர்த்தனர். முதலாம் எலிசபெத்து அரசியார் காலத்தில் கைக்கடக்கமான மிகச் சிறிய பீகிள்களும் இருந்தன. 1830களில் எசெக்ஸு நாட்டில் பிலிப்பு ஹனிவுட் என்னும் குருவானவர் ஒருவர் திரட்டி வளர்த்த கூட்டமே இன்றைய பீகிளுக்கு மூலமென்பர். குருவானவர் முயல் வேட்டைக்கு நாய் வளர்த்தார் என்பது நம் சபையாருக்கு வியப்பாகலாம். அந்நாளைய ஆங்கில நாட்டுப்புறக் குருமார்க்கு அஃது இயல்பு. 1885இல் அமெரிக்க நாய்க் கழகம் இவ்வினத்தைத் தன் பதிவேட்டிற் சேர்த்தது. 1890இல் இங்கிலாந்திலே பீகிள் கழகம் தோன்றியது.

அவ்வேட்டையில் மனிதன் நாயினிடத்து வேண்டியவை யாவை? மோப்பம் ஒன்று கிடைத்தவுடன் பிறவற்றையெல்லாம் மறக்கும் ஒருமையை வேண்டினான். ஏனெனில் இடையிடையே திரும்பித் தலைவன் முகம் நோக்கும் நாய் முயலை இழந்துவிடும். புதரிலும் பள்ளத்திலும் மறைந்தோடும் நாயின் இருப்பிடம் தொலைவிலிருந்தே தெரிதற்கு உரத்த நெடுங்குரலை வேண்டினான். உயர்ந்த புல்லினிடையே புலப்படுமாறு வாலின் நுனி வெண்ணிறமாதலையும் வேண்டினான். பல நாய்கள் ஒருங்கே ஓடி, ஒரே கொட்டிலில் உறங்க வேண்டியிருந்தமையின், தம்முட் பூசலிடாத சாந்த குணத்தை வேண்டினான். தலைமுறை தலைமுறையாக இப்பண்புகள் உடையவற்றையே இணைத்தான், இல்லாதவற்றைக் கழித்தான். இன்று அதே மனிதன் பீகிளைக் கூடத்தில் கட்டிவைத்து, 'என் முகத்தை நோக்குவதில்லை. ஊரைக் கூட்டுமாறு குரலெழுப்புகின்றது. தனியே விட்டுச் சென்றால் துடிக்கின்றது' என முறையிடுகின்றான். தான் விரும்பிப் படைத்துக்கொண்ட பண்புகளையே குற்றப்பத்திரிகையாக எழுதி நாயின் கழுத்தில் மாட்டுகின்றான். இதனினும் நன்றி கெட்ட வழக்கு வேறுண்டோ?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், நாய்களைக் கொண்டு முயலைத் துரத்தும் வேட்டையைத் தடைசெய்தது. 2005 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முயலின்பொருட்டு அச்சட்டத்தை யாம் வரவேற்கின்றேம். நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்பதே பெயரெனத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். துரத்துவதன் குட்டிக்கும் துரத்தப்படுவதன் குட்டிக்கும் ஒரே பெயர் வழங்கிய அம்மரபு எமக்குப் பெரிதும் இன்பந் தருவது. ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. பாராளுமன்றம் ஒரு தொழிலை ஒரு நாளில் நிறுத்தலாம். அத்தொழிற்கென அமைந்த மூக்கை நிறுத்துதல் அதனால் இயலாது. தொழிலிழந்த நெசவாளன் கைகள் தறியைத் தேடுதல்போல், பீகிளின் மூக்கு இன்றும் தரையையே தேடுகின்றது.

அம்மூக்கின் திறந்தான் என்னை? மனிதன் மூக்கில் மணத்தை ஏற்கும் உயிரணுக்கள் 50 அல்லது 60 இலட்சம் எனவும், பீகிளின் மூக்கில் 20 கோடிக்கும் மேற்பட்டன எனவும் கணக்கிடுவர். எண்ணிக்கை மட்டுமன்று, அமைப்பும் வேறு. நாம் மூச்சை வெளிவிடுங்கால் வந்த வழியே அதனைத் தள்ளுகின்றோம்; அதனால் முன்னிருந்து வரும் மணமும் கலைகின்றது. நாயின் நாசித்துளைகளிலோ பக்கத்தே ஒரு பிளவு உண்டு. வெளிவிடும் மூச்சு அதன் வழியாகப் பின்னோக்கிச் செல்ல, புதிய மணம் முன்னிருந்து வந்துகொண்டேயிருக்கும். மோந்து பார்க்குங்கால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 5 முறை அது காற்றை உள்ளிழுத்து விடுகின்றது. உட்புகுந்த காற்றில் ஒரு பகுதி நுரையீரலுக்குச் செல்ல, மற்றொரு பகுதி மணமறிதற்கெனவே அமைந்த பின்னறைக்குப் பிரிந்து செல்கின்றது. இவை போதாவென்று மேலண்ணத்தின் மேலே வேறொரு மோப்பப் பொறியும் உளது.

உயிர்களை அறிவுவகையாற் பகுத்த தொல்காப்பியர் மெய், நா, மூக்கு, கண், செவி, மனம் என வரிசைப்படுத்தினார். மூக்கறிவு அவ்வரிசையில் மூன்றாம் படி. கண்ணறிவு அதற்கு மேற்படி. மனிதராகிய நமக்கு அவ்வரிசை நன்கு பொருந்தும். பீகிள் பேச வல்லதாயின், மூக்கைக் கண்ணுக்கு மேலே ஏற்றுக என்று விண்ணப்பஞ் செய்யும். தெருவொன்றைக் கண்ணால் நோக்குவார்க்கு இக்கணத்து நிலை மட்டுமே தெரியும். மூக்கால் நோக்கும் நாய்க்கோ நேற்றிரவு அத்தெருவிற் போனது யாது, எத்திசையிற் போயிற்று என்பனவும் உடன் தெரியும். நிகழ்காலம் ஒன்றே நமக்குப் புலனாகுமிடத்து இறந்தகாலமும் அதற்குப் புலனாகின்றது. இலக்கண மாணாக்கர் பொறாமை கொள்ளத்தக்க பேறு அது!

அமெரிக்க அறிஞராகிய ஸ்காட்டு, புல்லர் என்னும் இருவர் நாய்களின் பிறவிக் குணங்களை நெடுங்காலம் ஆராய்ந்து 1965இல் நூலொன்று வெளியிட்டனர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் எலியை விட்டு நாய்களை ஏவியபோது, பீகிள்கள் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அதனைக் கண்டுபிடித்தன எனவும், பாக்ஸ் டெரியர்களுக்கு 15 நிமிடம் சென்றது எனவும் அவர்தம் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துக்காட்டுவர். பிறிதொரு நூல் ஸ்டான்லி கோரன் என்பவர் 1994இல் எழுதியது. அதில் நாயினங்கள் கீழ்ப்படிதற் போட்டிகளின் நடுவர்களது கருத்தைக் கொண்டு வரிசைப்படுத்தப்பெற்றுள்ளன. அவ்வரிசையில் பீகிளும் பாசெட்டும் பிளட்ஹவுண்டும் கடைசிப் பிரிவில் நிற்கின்றன. மோப்பத்தில் முதல் நிற்பன அறிவிற் கடை நிற்பனவாயின் எங்ஙனம்? அந்நூலாசிரியரே பிறவியறிவு வேறு, ஏவலறிவு வேறு எனப் பிரித்துக் கூறியுள்ளார். ஆனால் பட்டியலைப் படிப்பவர் அப்பிரிவைப் படிப்பதில்லை. 'மந்தப் புத்தி' என்னும் முத்திரையை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். ஒரு பாடத்திற் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு மாணாக்கன் ஒருவனை முழுதும் அளந்துவிடும் வழக்கத்தை அறிந்த கல்லூரி மாணாக்கர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மனையிற் குற்றமாகத் தோன்றும் அதே பண்பு வேறிடத்தில் உத்தியோகமாகின்றது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் அமெரிக்க வேளாண்மைத் துறையார் பீகிள்களைப் பணிக்கமர்த்தினர். பயணிகள் பெட்டிகளில் மறைத்துக் கொணரும் பழம், இறைச்சி முதலியவற்றை அவை மோந்து காட்டும். பயிர்ப்பூச்சியும் நோயும் நாட்டினுட் புகாமற் காக்கும். பச்சைச் சட்டை அணிந்து பெட்டியின் அருகே அமைதியாக அமர்வதே அவற்றின் சாட்சி. பெருநாயைக் கண்டு அஞ்சும் பயணிகளும் இச்சிறுநாயைக் கண்டு அஞ்சார் என்பதும் இவற்றைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம். சமையலறையில் திருடுகின்றது என நாம் அடிக்கும் நாய், கடமை அறிந்து கற்பிப்பார் கைப்பட்டால் சுங்கச் சாவடியில் அரசாங்கத்துக்கு ஊழியஞ் செய்கின்றது.

இனி, மனைவாழ்க்கைக்கு வருவாம். பீகிளை உலாவ அழைத்துச் செல்லுதல் ஒரு தனிக் கலை. எம் இல்லத்திலிருந்து தேவாலயம் அரைக்கல் தொலைவு. தனியே நடந்தால் பத்து நிமிடம். ஜிம்மியொடு நடந்தால் முக்கால் மணி. ஒவ்வொரு மின்கம்பமும் அதற்கு ஒரு செய்தித்தாள். வாரைப் பிடித்திழுத்து விரைவுபடுத்துவார் பலர். அவர், படிக்கின்றவன் கையிலிருந்து நூலைப் பறிப்பதனையே செய்கின்றனர். நடந்த தொலைவினும் மோந்த நேரமே பீகிளுக்குக் களைப்பும் நிறைவும் தருவது. அரை மணி நேரம் மனங்கொண்டு மோந்த நாள் அது இல்லம் திரும்பிக் கூடத்தில் நீட்டிப் படுத்து உறங்கும். இழுத்துக்கொண்டு ஓடிய நாளிலோ நாற்காலியின் காலைக் கடிக்கும். இதனை யாம் பலகாற் கண்டறிந்துள்ளேம். விடியற்காலையே இதற்கு ஏற்ற பொழுது. பனியீரத்தில் மோப்பம் தரையில் நன்கு தங்கும்; நம் நாட்டு வெயிலில் நண்பகற் சாலையின் தார் நாயின் உள்ளங்காலைச் சுட்டுவிடும்.

வாரை அவிழ்த்துவிடுதல் மட்டும் ஆகாது. சுவரில்லாத வெளியில் பீகிளை அவிழ்த்துவிட்டு, 'அழைத்தால் வரும்' என நம்புவார் அதன் பிறப்பை அறியாதவர். மூக்கு மோப்பத்தில் இருக்குங்கால் காது திறந்திருப்பினும் கேளாது. பேருந்து வருவதும் தெரியாது. நாயின் அன்புக்கு இதனை அளவுகோலாகக் கொள்ளற்க. உறவினர் அழைப்பது கேளாமல் சதுரங்கம் ஆடுவார் நம்முள் இலரோ?

உண்டியைப் பற்றி ஒரு சொல். கானானியப் பெண்ணொருத்தி மேசையின் கீழ் விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகள் தின்பதை எடுத்துக்காட்டி ஆண்டவரிடம் விடை பெற்ற வரலாறு நாம் அறிந்தது. அம்மேசையடியில் இருந்தது பீகிளாயின் துணிக்கை விழுமளவும் காத்திருந்திராது. நாற்காலியேறி, நாற்காலியிலிருந்து மேசையேறி, மூடியிட்ட பாத்திரத்தையும் திறக்கும் சூழ்ச்சி அதற்குண்டு. இதில் நகைப்புக்கு இடமிருப்பினும் ஆபத்தும் உளது. நம் கிறிஸ்துமஸ் கேக்கில் நிரம்பியுள்ள உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. சாக்கலேட்டும் வெங்காயமும் அதற்குத் தீயனவே. பண்டிகை நாளில் விருந்தினர் அன்புமிகுதியால் ஊட்டும் ஒரு துண்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டு நிறுத்திவிடும். பத்துப் பதினோரு கிலோ இருக்கவேண்டிய சிறு விலங்கு, பிள்ளைகளும் பாட்டியும் தனித்தனியே கொடுக்கும் பிஸ்கத்துகளால் பதினாறு கிலோவாகி மாடிப்படி ஏற இயலாது மூச்சு வாங்குதலைப் பல இல்லங்களிற் காணலாம். தொங்கும் செவியினுள் காற்றோட்டம் குறைவாதலின், மழைக்காலத்தில் வாரந்தோறும் அதனை நோக்கித் துடைத்தலும் வேண்டும்.

மூக்குக்கு வேலை கொடுத்தல் செலவுடைய செயலன்று. கருவாட்டுத் துண்டு ஒன்றை நூலிற் கட்டி மொட்டைமாடி முழுதும் வளைத்து வளைத்து இழுத்துச் சென்று, தடம் முடியும் மூலையில் வேகவைத்த கோழியிறைச்சித் துண்டு ஒன்றைப் பழந்துணியுள் மறைத்து வைப்போம். கருவாடு உப்புமிக்கதாதலின் தின்னக் கொடுப்பதில்லை. அது வழிகாட்டி மட்டுமே. பின்னர் ஜிம்மியை விடுத்தால் வாலின் வெண்ணுனி கொடிபோல் நிமிர, மூக்குத் தரையிற் படிய, நாம் இழுத்த ஒவ்வொரு வளைவையும் பிழையின்றி வளைந்து செல்லும். அந்நேரத்தில் அதன் முகத்தைப் பார்த்தவர் எவரும் அதனை மந்தமென்னார். அழைத்தால் வாராத நாயிடத்து அத்துணைக் கவனமும் ஒழுங்கும் எங்கிருந்து வந்தன என்று எம் தந்தையார் ஒவ்வொரு முறையும் வியப்பர்.

குரலைப் பற்றிய வழக்கில் யாம் அயலார் பக்கமே நிற்போம். குரைத்தல் வேறு, பீகிள் மோப்பங் கண்டபோது கழுத்தை நீட்டி எழுப்பும் நெடும்பாட்டு வேறு. ஆங்கிலக் குன்றுகளில் ஒரு கல் தொலைவு கேட்பதற்கென அமைந்த அக்குரல், சுவரொன்றே இடையிட்ட அடுக்குமாடி வீட்டில், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நோயுற்ற முதியோர்க்கும் பெருந்துன்பம். அயலார் சினத்தல் முறையே. ஆயின் அக்குரல் மிகுதியும் எழுவது எப்போது? காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிச் சென்று மாலை ஆறு மணிக்குத் திரும்புவார் இல்லத்திலே. கூட்டமாய் உறங்கி எழுதற்குப் பிறந்த நாய் பத்து மணி நேரம் தனித்திருந்து அழுகின்றது. அதற்கு மருந்து துணையே அன்றிக் கோலன்று. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை அணிவித்து அக்குரலை அடக்குவார் உளர். வேல்ஸ் நாட்டார் 2010இல் அப்பட்டையைத் தடைசெய்தனர். யாம் அவரைப் போற்றுகின்றேம். அழுகின்ற குழந்தையின் வாயைப் பொத்துவதனை எவரும் தாலாட்டு என்னார்.

ஈண்டு யாம் கூறாது விடமாட்டாத செய்தி ஒன்று உண்டு. பீகிளின் சாந்த குணமே அதற்குப் பெருங்கேடாகவும் முடிந்தது. சிற்றுடல், ஒன்றாய் அடைத்தாலும் பூசலிடாத இயல்பு, துன்புறுத்தும் கையையும் கடியாத பொறுமை ஆகிய இவற்றால், மருந்தையும் பிற பொருள்களையும் சோதித்தற்கு ஆய்வுக்கூடத்தார் நாய்களுள் இதனையே மிகுதியும் தேர்ந்தனர். 1975இல் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று, பீகிள்கள் வரிசையாகக் கட்டப்பட்டுச் சிகரெட்டுப் புகையை உள்ளிழுக்குமாறு செய்யப்பட்ட படத்தை வெளியிட, நாடே திடுக்கிட்டது. 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆய்வுக்கூடங்களுக்கென நாய் வளர்த்த நிலையம் ஒன்று நீதிமன்ற ஆணையின்கீழ் மூடப்பட, ஏறத்தாழ 4,000 பீகிள்கள் விடுவிக்கப்பெற்று, பல மாநிலங்களிலுள்ள குடும்பங்களுக்கு வழங்கப்பெற்றன. மருத்துவ ஆராய்ச்சியே வேண்டாவென்று ஈண்டு வழக்காட யாம் புகவில்லை. அது பெரிய வழக்கு. கடிக்க வல்ல விலங்கு கடியாமல் இருப்பதை மனிதன் எங்ஙனம் பயன்படுத்திக்கொண்டான் என்பதை மட்டும் குறிக்கின்றேம். நம் வீட்டுக் குழந்தை அதன் செவியைப் பிடித்திழுக்கும்போதும் அதே பொறுமைதான் நம்மைக் காக்கின்றது. அப்பொறுமைக்கு நாம் திருப்பித் தருவது யாது? மின்கம்பத்தடியில் ஐந்து நிமிட நேரங்கூட இல்லையோ?

இவற்றைக் கேட்ட நண்பர் சிலர், 'அங்ஙனமாயின் மோப்ப நாயை மனையில் வளர்க்கவே கூடாது; காட்டிலும் கொட்டிலிலும் இருக்கட்டும்' என்பர். அதுவும் எமக்கு உடன்பாடன்று. கொட்டிலும் இன்று இல்லை, முயற்காடும் இல்லை. வேட்டையை மீண்டும் வேண்டுவாரும் நம்முள் இலர். மேலும் பீகிள் மக்கள் கூட்டத்தையும் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும் இயல்பினது. வீட்டில் ஆள் நிறைந்திருப்பின் அதற்கு அதுவே கொட்டில். ஆதலின் பாட்டியும் பேரனும் வேலைக்காரரும் பகல் முழுதும் நடமாடும் பழைய தமிழ்க் கூட்டுக்குடும்பம் அதற்குப் பெரிதும் ஏற்றது என்பது எம் கருத்து. இருவரும் அலுவலகஞ் சென்றுவிடும் நகர வீட்டுக்கு அஃது ஏலாது. ஏவியவாறு செய்யும் துணையையே விரும்புவார்க்கும் ஏலாது. அன்னார்க்கு வேறு நல்ல நாய்கள் பல உள.

ஆயின் குட்டியை வாங்குவார் இதனையெல்லாம் எண்ணுவரோ? எண்ணார். எட்டு வாரக் குட்டியின் பெருவிழியையும் தொங்குசெவியையும் கைப்பேசிப் படத்திற் கண்டவுடன் விலை பேசுகின்றனர். ஓராண்டு கழிந்து மூக்கு விழித்தெழுந்து, குரலும் முதிர்ந்தபின், 'வேண்டுவார் எடுத்துக்கொள்க' எனப் பிறர் தலையில் ஏற்றுகின்றனர். கொடியோர் சிலர் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுச் செல்கின்றனர். தெருநாய்களிடையே கழுத்துப்பட்டையொடு அலையும் பீகிளைக் கண்டால், அது வழிதவறியது அன்று என்பது தெரிந்தவர்க்குத் தெரியும். எத்தகைய மோப்பமும் பற்றி வீடு திரும்ப வல்ல மூக்குடையதனைக் கதவு திறவாத வீட்டுக்கு எங்ஙனம் திருப்புவது?

ஆகலின் வாங்க விரும்புவார்க்கு எம் வேண்டுகோள் இது. முன்னரே பீகிள் வளர்க்கும் இல்லத்தார் ஒருவரிடம் கேட்டு, வளர்ந்த நாயொன்றனை ஏழு நாள் விடியற்காலையில் வாரைப் பிடித்து உலாவ அழைத்துச் செல்க. கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்க. அது நிற்குமிடத்தெல்லாம் நிற்க. அது படிப்பது யாதென்று நமக்குத் தெரியாவிடினும் படித்து முடியுமளவும் பொறுத்திருக்க. ஏழாம் நாளும் அங்ஙனம் நிற்க உளங்கொண்டதாயின் குட்டிக்கு முன்பணம் கொடுக்கலாம்.